அத்தைக்கு மீசையும் வ.உ.சி.யின் கப்பலும்

"அத்தைக்கு மீசை முளைத்தால் சித்தப்பா" என்று ஊரில் ஒரு சொலவடை உண்டு. நடக்காததைப் பேசிப் பொழுதை ஓட்டுகிறவர்களின் வாயை அடைக்க இதைவிடச் சுருக்கமான மருந்து கிடையாது. ஆனாலும் பாருங்கள், மீசை வைத்த அத்தைகளுக்குப் பஞ்சமே வந்ததில்லை. திப்பு மட்டும் ஜெயித்திருந்தால்... நேதாஜி மட்டும் திரும்பி வந்திருந்தால்... காந்தி மட்டும் இன்னும் பத்து வருஷம் உயிரோடு இருந்திருந்தால்... கேன்டீனில் வாங்கிய டீ ஆறுவதற்குள் மூன்று சாம்ராஜ்யங்கள் கவிழ்ந்து, இரண்டு எழுந்து நின்றுவிடும்.

இதில் தப்பில்லை. பொழுதுபோக்கு. ஆனால் செப்டம்பர் 5-ம் தேதி நெருங்கினால் ஒரு குறிப்பிட்ட 'மட்டும்' கிளம்பி வரும். அன்றைக்கு ஆசிரியர் தினம் மட்டுமில்லை, 1872-ல் ஒட்டப்பிடாரத்தில் வ.உ.சிதம்பரம் பிள்ளை பிறந்த தினமும்கூட. அந்த 'மட்டும்' இப்படிப் போகும்: "வ.உ.சி. மட்டும் அரசியலில் இறங்காமல் கம்பெனியை ஒழுங்காகக் கவனித்துக்கொண்டிருந்தால், இன்றைக்குத் தூத்துக்குடியில் உலகத் தரத்தில் ஒரு கப்பல் கம்பெனி இருந்திருக்கும்." தலைமைப் பண்பு, தொழில் முனைவு என்று எந்தத் தலைப்பில் பேசினாலும் இது வந்துவிடும். "செய்கிற தொழிலில் கவனம் வேண்டும். வ.உ.சி. கவனம் சிதறினார், கம்பெனி மூழ்கியது." அரங்கில் தலைகள் ஆடும். குறிப்பாக வணிகவியல் படிக்கிற தலைகள் கொஞ்சம் பலமாகவே ஆடும்.

கேட்பதற்குப் புத்திசாலித்தனமாக இருக்கிற இந்த 'மட்டும்' சுத்த அபத்தம். கணக்குப் போட்டே நிரூபித்துவிடலாம்.

முதலில் கதை, சுருக்கமாக

1906 அக்டோபர் 16. சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனி பதிவாகிறது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். தலைவர் பாண்டித்துரைத் தேவர். தேதியைக் கவனியுங்கள். வங்காளப் பிரிவினை அமலுக்கு வந்தது 1905 அக்டோபர் 16. சரியாக ஒரு வருஷம்.

எதிரில் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி. இனி பி.ஐ. என்று சுருக்கிக்கொள்ளலாம். நூற்றுக்கும் மேற்பட்ட கப்பல்கள். அரசாங்கத் தபால் ஒப்பந்தங்கள். தூத்துக்குடி - கொழும்பு என்பது அந்தக் கம்பெனிக்குப் பல வழித்தடங்களில் ஒன்று. சுதேசிக் கம்பெனிக்கோ அதுதான் உயிர்.

சுதேசிக் கம்பெனிக்கு முதலில் சொந்தக் கப்பல் கிடையாது. பம்பாயின் ஷா லைன் கம்பெனியிடம் வாடகைக்கு எடுத்து ஓட்டியது. பி.ஐ. நெருக்கியதும் ஷா லைன் வாடகையை ரத்து செய்தது. வ.உ.சி. கொழும்புக்குப் போய் வேறொரு கப்பலை வாடகைக்குப் பிடித்தார். பிறகு சொந்தக் கப்பல்தான் வழி என்று பம்பாய்க்குக் கிளம்பினார். 1907-ல் எஸ்.எஸ். காலியா, எஸ்.எஸ். லாவோ என்று இரண்டு கப்பல்கள் வந்து சேர்ந்தன.

அடுத்து கட்டண யுத்தம். பி.ஐ. ஒரு ரூபாய்க்கு இறக்கியது. சுதேசிக் கம்பெனி எட்டணாவுக்கு இறங்கியது. பி.ஐ. இலவசம் என்றது. ஏறுகிற பயணிக்கு ஒரு குடையும் தருவதாகச் சொன்னது என்பது இன்றுவரை சொல்லப்படுகிற கதை. 'ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்' எல்லாம் ஜுஜுபி. இங்கே ஒன்றுமே வாங்க வேண்டாம், ஆனாலும் குடை உண்டு!

1908 பிப்ரவரி 27-ல் தூத்துக்குடி கோரல் மில்லில் வேலைநிறுத்தம் தொடங்கியது. வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் தொழிலாளர் பக்கம் நின்றார்கள். மார்ச் 12-ல் வ.உ.சி. கைது. மறுநாள் திருநெல்வேலி பற்றி எரிந்தது, துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் செத்தார்கள். ஜூலை 7-ல் நீதிபதி பின்ஹே இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் அது குறைந்தது. கோவைச் சிறையில் செக்கு. 1912 டிசம்பரில் வ.உ.சி. வெளியே வந்தபோது கம்பெனி இல்லை. 1911-லேயே கலைக்கப்பட்டிருந்தது.

இவ்வளவுதான் கதை. 1961-ல் வந்த படத்தைப் பார்த்தவர்களுக்கு இது அழுகை வரவழைக்கிற கதை. அழுது முடித்தவர்கள் கணக்குப் புத்தகத்தைத் திறக்கலாம்.

புளியில்லாத ரசம்

"அரசியல் இல்லாமல் இருந்திருந்தால்" என்று சொல்கிறவர், கம்பெனி என்ற ஒரு பொருளிலிருந்து அரசியல் என்ற ஒரு தூசியைத் தட்டிவிட்டால் கம்பெனி பளபளவென்று மிச்சம் நிற்கும் என்று நினைக்கிறார். இது, ரசத்திலிருந்து புளியை எடுத்துவிட்டால் ரசம் இன்னும் நன்றாக இருந்திருக்கும் என்று சொல்வது போல. புளியை எடுத்தால் அது ரசமே இல்லை, மிளகுத் தண்ணீர்.

கம்பெனிக்கு வேண்டியவை என்ன? மூலதனம், வாடிக்கையாளர், ஊழியர். ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

மூலதனம். 1906-ல், கப்பல் ஓட்டி அனுபவமே இல்லாத ஒரு வக்கீல், கப்பலே இல்லாத ஒரு கம்பெனியின் பங்கை விற்கிறார். எதிரி யார்? அந்தக் கடல் முழுவதையும் கையில் வைத்திருக்கிற ராட்சசன். நிதானமாக வரவு செலவு பார்க்கிற எவனாவது அந்தப் பங்கை வாங்குவானா? ஆனால் வாங்கினார்கள். ஹாஜி முகமது பக்கீர் சேட் ஒருவரே 8,000 பங்குகளை 2 லட்சம் ரூபாய் கொடுத்து வாங்கினார். மொத்த மூலதனத்தில் ஐந்தில் ஒரு பங்கு! லாபம் வரும் என்ற நம்பிக்கை ஒரு பக்கம் இருந்திருக்கலாம். ஆனால் ஊர் ஊராக அந்தப் பங்கை விற்றது 'சுதேசி' என்ற சொல். கம்பெனியின் பெயரிலேயே அந்தச் சொல் முதலில் இருக்கிறது. அந்தச் சொல்லை எடுத்துவிட்டால் முதல் பங்குகூட விற்றிருக்காது.

வாடிக்கையாளர். பக்கத்துக் கப்பலில் டிக்கெட் இலவசம். இந்தக் கப்பலில் எட்டணா. போகிற ஊர் ஒன்றுதான், கடலும் ஒன்றுதான். அப்படியும் எட்டணா கொடுத்து இந்தக் கப்பலில் ஏறுகிறவனை எந்தப் பொருளாதாரப் பாடப் புத்தகம் விளக்கும்? விலை குறைந்தால் தேவை கூடும் என்ற விதி அங்கே தலைகீழாக நின்றது. நிறுத்தியது எது? மேடைப் பேச்சு. கூட்டம். வந்தே மாதரம். இந்தக் காலத்தில் விளம்பரத்துக்கும் பிராண்டுக்கும் கோடிகளைக் கொட்டி வாங்கப் பார்க்கிற விசுவாசத்தை, வ.உ.சி. அரசியலால் வாங்கினார். கவனம் சிதறினார் என்று சொல்கிறவர்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான். அந்த அரசியல்தான் கம்பெனியின் விளம்பரத் துறை, விற்பனைத் துறை எல்லாமே.

சரி, "கோரல் மில் வேலைநிறுத்தமாவது தேவையா? கப்பல்காரனுக்கு மில்லில் என்ன வேலை?" என்று அடுத்த கேள்வி வரும். நியாயமான கேள்விதான். ஆனால் கோரல் மில்லை நடத்திய ஹார்வி நிறுவனம்தான் தூத்துக்குடியில் பி.ஐ. கப்பல் கம்பெனிக்கு ஏஜென்ட். மில் வேறு, கப்பல் வேறு என்று தனித்தனியாகப் பார்க்கிற சௌகரியம் இன்றைக்கு நாற்காலியில் உட்கார்ந்து பேசுகிறவருக்கு உண்டு. தூத்துக்குடிக் கடற்கரையில் நின்றவருக்கு இரண்டு கதவிலும் ஒரே பெயர்ப்பலகைதான் தெரிந்தது.

இன்னொன்று, தேதி வரிசை. ஷா லைன் கப்பல்களைப் பிடுங்கியதும் கட்டணத்தை வெட்டியதும் கோரல் மில் வேலைநிறுத்தத்துக்கு முன்னால் தொடங்கியவை. வ.உ.சி. மில் தொழிலாளர்களுக்காகப் பேசினார், அதனால் பி.ஐ.க்குக் கோபம் வந்தது என்பது காலண்டரைத் தலைகீழாக மாட்டிப் படிப்பது. பி.ஐ.க்குப் போட்டி பிடிக்கவில்லை. அவ்வளவுதான். வ.உ.சி. வாயே திறக்காமல் கப்பல் ஓட்டியிருந்தாலும் பிடித்திருக்காது.

டாடா என்ன அரசியல் பேசினார்?

'வாயே திறக்காமல்' என்பது வெறும் ஊகம் என்று யாராவது சொல்லலாம். நல்லவேளையாக, வரலாறே ஒரு சோதனையைச் செய்து வைத்திருக்கிறது. சுதேசிக் கம்பெனிக்குப் பதிமூன்று வருஷம் முன்னால், 1893-ல், பம்பாயில் ஒரு பெரிய மனிதர் கப்பல் விட்டார். ஜாம்ஷெட்ஜி டாடா. பம்பாயிலிருந்து சீனா, ஜப்பான் போகிற பஞ்சுக்கும் நூலுக்கும் பி.&ஓ. கம்பெனி வாங்கிய சரக்குக் கட்டணம் அநியாயமாக இருந்தது. ஜப்பானின் நிப்பான் யூசென் கைஷா கம்பெனியோடு சேர்ந்து டாடா தன் கப்பல் தடத்தைத் தொடங்கினார்.

டாடாவிடம் பணம் இருந்தது. தொழில் அனுபவம் இருந்தது. மில்கள் இருந்தன. மேடை ஏறி ராஜதுரோகம் பேசவில்லை. தொழிலில் கவனம் வைப்பது எப்படி என்று டாடாவுக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. என்ன ஆயிற்று? பி.&ஓ. கட்டணத்தை அடிமட்டத்துக்கு வெட்டியது. எதிரிக் கப்பலில் சரக்கு ஏற்ற மாட்டோம் என்று உறுதி கொடுக்கிறவர்களுக்குச் சலுகை அள்ளி வீசியது. பம்பாய் வியாபாரிகள் ஒவ்வொருவராக நழுவினார்கள். டாடா கப்பல் தடம் சீக்கிரமே மூடப்பட்டது.

ஆக, அரசியல் பேசாத கம்பெனியும் மூழ்கியது. அரசியல் பேசிய கம்பெனியும் மூழ்கியது. பிறகு மூழ்கக் காரணம் அரசியல்தான் என்று எந்தக் கணக்கில் முடிவு செய்வது?

இன்னும் சுவாரஸ்யம் அடுத்தது. டாடா விலகிய பிறகும் கூட்டாளியான ஜப்பான் கம்பெனி விலகவில்லை. அதன் பம்பாய்த் தடம் நிலைத்தது. ஒரே எதிரி, ஒரே கடல், ஒரே சரக்கு. ஒருவர் வீழ்ந்தார், ஒருவர் நின்றார். வித்தியாசம் என்ன?

வித்தியாசம் டோக்கியோவில் இருந்தது. 1870-களில் மிட்சுபிஷி ஷாங்காய் தடத்தைத் தொடங்கியபோது இதே பி.&ஓ. போட்டிக்கு வந்தது. மெய்ஜி அரசாங்கம் தன் கப்பல்களை மிட்சுபிஷியிடம் கொடுத்தது, வருஷா வருஷம் மானியமும் கொடுத்தது. 1876-ல் போட்டிக்கு வந்த பி.&ஓ. சில மாதங்களில் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டது. 1885-ல் மிட்சுபிஷியின் கப்பல் பிரிவும் இன்னொரு கம்பெனியும் இணைந்து உருவானதுதான் நிப்பான் யூசென் கைஷா. பங்கு ஈவுக்கே அரசாங்கம் உத்தரவாதம் கொடுத்த கம்பெனி. அதன் பங்குதாரர்கள் கட்டண யுத்தத்தின் நடுவிலும் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள்.

தூத்துக்குடிப் பங்குதாரர்களுக்கு என்ன உத்தரவாதம்? செக்கு!

'துரோகிகள்' என்ற சௌகரியம்

பங்குதாரர்கள் என்றதும் இன்னொரு 'மட்டும்' எட்டிப் பார்க்கும். "பங்குதாரர்கள் மட்டும் துரோகம் செய்யாமல் இருந்திருந்தால்..." செக்கிழுத்தவர் வெளியே வந்து பார்த்தபோது கம்பெனி விற்றுத் தின்னப்பட்டிருந்தது என்று ஒரு பெரிய ஆத்திரம் இதில் உண்டு. ஆத்திரம் புரிகிறது. கணக்கு புரிய வேண்டாமா?

காலியாவில் சுமார் 1,300 சாதாரணப் பயணிகள் ஏறலாம் என்று குறிப்புகள் சொல்கின்றன. கப்பல் நிரம்பி வழிகிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். தலைக்கு ஒரு ரூபாய் என்றால் ஒரு நடைக்கு 1,300 ரூபாய். எட்டணா என்றால் 650. எதிரி இலவசம் என்கிறபோது பாதிப் பேர் அங்கே போனால் 325. கப்பலோ நிரம்பினாலும் காலியாகப் போனாலும் ஒரே அளவு நிலக்கரி தின்னும். மாலுமிக்குச் சம்பளம் அதே சம்பளம். பி.ஐ.க்கும் இதே செலவுதான், ஆனால் அந்த நஷ்டத்தை மற்ற தடங்களின் லாபத்தில் கரைத்துவிடலாம். ஒரே தடத்தை நம்பிய கம்பெனிக்குக் கரைக்க வேறு தண்ணீர் இல்லை.

இந்த நிலையில் முக்கியமான ஆள் ஜெயிலில். கம்பெனிக்கு வேண்டியவர் என்று தெரிந்தாலே போலீஸ் பார்வை. 25 ரூபாய் போட்ட வியாபாரி என்ன செய்வான்? அவன் பயந்தான். பயப்பட வேண்டிய காரணங்களை ஒரு அரசாங்கமே உட்கார்ந்து தயாரித்தது. அவனைத் துரோகி என்று கூப்பிட்டால் பி.ஐ.யும் கலெக்டர் ஆபீசும் சத்தமில்லாமல் குற்றவாளிக் கூண்டிலிருந்து இறங்கிப் போய்விடும். இதுதான் இந்த 'மட்டும்' செய்கிற வேலை. வீட்டுக்குள்ளேயே ஒருவனைப் பிடித்து உதைத்துவிட்டு, வெளியே இருக்கிறவனுக்குக் குடை பிடிக்கும்.

கைதாகாமல் இருந்திருந்தால்?

சரி, கொஞ்சம் தாராளமாகவே கொடுப்போம். கைது இல்லை. வேலைநிறுத்தம் இல்லை. வ.உ.சி. தன் ஆபீசில் உட்கார்ந்து 1908, 1909, 1910 என்று எப்படியோ கம்பெனியை இழுத்துக்கொண்டு போகிறார். பிறகு?

1914 பிப்ரவரி 24. பாம்பன் பாலம் திறக்கப்படுகிறது.

இதைப் பற்றி 'மட்டும்' மன்னர்கள் யாரும் பேசுவதில்லை. அதற்கு முன்னால் சென்னையிலிருந்து போட் மெயிலில் ஏறியவர் தூத்துக்குடியில் இறங்கி, கப்பல் ஏறி, கடலில் ஒரு ராத்திரி போல ஆடி அசைந்து கொழும்புக்குப் போக வேண்டும். பாலம் வந்த பிறகு ரயில் நேராகத் தனுஷ்கோடி. அங்கிருந்து தலைமன்னாருக்குச் சில மணி நேரக் கப்பல், அதுவும் ரயில்வேயின் கப்பல். அந்தக் கரையில் மறுபடி ரயில். ஒரே டிக்கெட்டில் சென்னையிலிருந்து கொழும்பு. தூத்துக்குடி - கொழும்பு பயணிகளை நம்பிய கம்பெனிக்கு இது குடையைவிடப் பெரிய அடி. பி.ஐ. குடையைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம், பாலத்தை யார் திரும்ப வாங்குவது?

உடனே இன்னொருவர் எழுந்திருப்பார். "அதே 1914 ஆகஸ்டில் உலகப் போர் வந்துவிட்டதே! உலகம் முழுக்கக் கப்பலுக்குத் தட்டுப்பாடு, சரக்குக் கட்டணம் வானத்துக்கு ஏறியது. இரண்டு கப்பல் வைத்திருந்த கம்பெனி கொழித்திருக்குமே!" இருக்கலாம். அல்லது அந்த இரண்டு கப்பலையும் போருக்கு வேண்டுமென்று அரசாங்கம் எடுத்துக்கொண்டிருக்கலாம். எம்டன் மாதிரி ஒன்றின் கண்ணில் பட்டிருக்கலாம். ஆறு வருஷம் தள்ளிப் போவதற்குள் பாதை எத்தனை கிளையாகப் பிரிகிறது பாருங்கள். ஒரே ஒரு கைதைத் துடைத்துவிட்டு, அங்கிருந்து நேராக 'உலகத் தரத்தில் ஒரு கப்பல் கம்பெனி' என்ற ஸ்டேஷனுக்கு ரயில் விடுகிறவர், நடுவில் இருக்கிற அத்தனை ஜங்ஷனையும் சௌகரியமாக மறந்துவிடுகிறார்.

அப்படியானால் எல்லாம் விதியா?

இங்கே ஒரு ஆபத்து இருக்கிறது. இவ்வளவையும் கேட்டுவிட்டு, "என்ன செய்திருந்தாலும் தோற்றுத்தான் இருக்கும், வ.உ.சி. செய்தது வீண்" என்று இன்னொரு கூட்டம் கிளம்பும். முதல் கூட்டத்தைவிட மோசமான கூட்டம் இது. முதல் கூட்டத்துக்குக் கணக்குத் தெரியாது. இந்தக் கூட்டத்துக்குக் கணக்குத் தெரிந்தது போல ஒரு நினைப்பு.

தோற்றே ஆக வேண்டும் என்று ஒன்றும் இல்லை. இதற்கும் வரலாறு ஒரு சோதனை வைத்திருக்கிறது. 1919 ஏப்ரல் 5-ல் பம்பாயிலிருந்து லண்டனுக்கு எஸ்.எஸ். லாயல்ட்டி கிளம்பியது. சிந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி. வால்சந்த் ஹிராசந்த், நரோத்தம் மொரார்ஜி ஆகியோர் கூடி ஆரம்பித்தது. எதிரி அதே எதிரிதான். 1914-ல் பி.ஐ.யும் பி.&ஓ.வும் இணைந்துவிட்டதால் இன்னும் பெரிதாகியிருந்த எதிரி. ஆயுதமும் அதே கட்டண யுத்தம். ஆனால் சிந்தியா மூழ்கவில்லை. 1923-ல் பத்து வருஷ ஒப்பந்தம் என்ற பெயரில் கையைக் கட்டினார்கள், கப்பல் அளவுக்கு வரம்பு போட்டார்கள். அவமானமான ஒப்பந்தம்தான். ஆனால் உயிர் இருந்தது. 1941-ல் விசாகப்பட்டினத்தில் கப்பல் கட்டும் தளத்துக்கு ராஜேந்திர பிரசாத் அடிக்கல் நாட்டினார். 1948-ல் அங்கே கட்டிய 'ஜல உஷா'வை நேரு கடலில் இறக்கினார். அந்தத் தளத்தை ஆரம்பித்தது சிந்தியாதான்.

சிந்தியாவிடம் சுதேசிக் கம்பெனியிடம் இல்லாத எது இருந்தது? லட்சங்களுக்குப் பதில் கோடிகளில் மூலதனம். பம்பாயின் பெரிய மில்காரர்கள், வணிகர்கள். அப்புறம், 'கவனம்' வாத்தியார்கள் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டிய இடம்: அரசியல்! கடலோர வணிகத்தை இந்தியக் கப்பல்களுக்கே ஒதுக்க வேண்டும் என்று எஸ்.என். ஹாஜி 1928-ல் சட்டசபையில் மசோதா கொண்டு வந்து போராடினார். சட்டமாகவில்லை. ஆனால் கப்பல் கட்டணம் என்பது நாட்டுப் பிரச்சினை என்று எல்லாருக்கும் புரிந்தது. சிந்தியாவைச் சும்மா நசுக்கிவிட முடியவில்லை.

ஜப்பான் கம்பெனி ஜெயித்தது, பின்னால் ஒரு அரசு இருந்தது. டாடா தோற்றார், பணம் இருந்தது, அரசு இல்லை. சுதேசிக் கம்பெனி தோற்றது, மக்கள் இருந்தார்கள், பணம் குறைவு, அரசு எதிரே நின்றது. சிந்தியா பிழைத்தது, பெரும் பணமும் இருந்தது, முதுகில் ஒரு தேசிய இயக்கமும் இருந்தது. நான்கையும் ஒரு தாளில் பக்கம் பக்கமாக எழுதிப் பாருங்கள். பணம் மட்டும் போதாது என்று டாடாவின் வரி சொல்கிறது. மக்கள் மட்டும் போதாது என்று தூத்துக்குடி வரி சொல்கிறது. அரசு கையில் இருந்தால் போட்டியையே மாற்றிவிடலாம் என்று ஜப்பான் வரி சொல்கிறது.

அப்படியானால் 1906-ல் ஒரு இந்தியக் கப்பல் கம்பெனி பிழைக்க உண்மையான ஒரே வழி என்ன? அரசு தன் கையில் இருப்பது. அதற்குப் பெயர் சுயராஜ்யம். அதைக் கேட்டதற்குத்தான் வ.உ.சி.யை உள்ளே தள்ளினார்கள்.

அதாவது, கவனம் சிதறவே இல்லை. கம்பெனியின் பிரச்சினைக்குத் தீர்வு கம்பெனிக்கு வெளியே இருக்கிறது என்பதைக் கண்டுபிடித்து, அந்த இடத்துக்கே போய் நின்றார். தூத்துக்குடியில் எட்டணா டிக்கெட்டும் மேடைப் பேச்சும் ஒரே வேலையின் இரண்டு கைகள். நூறு வருஷம் கழித்து வந்து ஒரு கையை வெட்டிவிட்டு, "ஒற்றைக் கையால் இன்னும் நன்றாக நீந்தியிருப்பார்" என்று பாடம் நடத்துகிறார்கள்.

எதற்கு இவ்வளவு கோபம்?

பழைய கதைதானே, யார் எப்படிச் சொன்னால் என்ன? என்னவா! 'என்ன நடந்திருக்கும்' என்பது டீக்கடை விளையாட்டு மட்டும் இல்லை. வணிகவியல் முதல் வருஷத்திலேயே சொல்லித் தருகிற வாய்ப்புச் செலவு என்பதே அதுதான். இந்தப் பணத்தை வேறு எதில் போட்டிருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்ற கணக்கு. நஷ்ட ஈட்டு வழக்கில் நீதிபதி போடுகிற கணக்கும் அதுவே: இந்தத் தப்பு நடக்காமல் இருந்திருந்தால் இவன் எந்த நிலையில் இருந்திருப்பான்? ஆக 'இருந்திருந்தால்' என்பது தீர்ப்பு எழுதுகிற பேனா. அதைக் கண்டபடி கிறுக்கினால் குற்றம் செய்தவன் தப்பித்து, அடிபட்டவன் தலையில் பழி விழும். வ.உ.சி. விஷயத்தில் நடந்திருப்பது அதுதான். கப்பலை மூழ்கடித்தவனை விட்டுவிட்டு, கப்பலோட்டியவருக்கு நிர்வாகம் தெரியவில்லை என்கிறார்கள்.

அந்தக் குடையும் பழைய கதையாகிவிடவில்லை. போட்டியாளரை ஒழிப்பதற்காக அடக்க விலைக்கும் கீழே விற்பதை, சந்தையில் ஆதிக்க நிலையில் இருக்கிற நிறுவனம் செய்தால் அது குற்றம் என்று இந்தியாவின் போட்டிச் சட்டம், 2002, நான்காவது பிரிவில் சொல்கிறது. பி.ஐ. இன்றைக்கு அதே குடையை நீட்டியிருந்தால் அது வழக்கு. 1907-ல் அது வியாபாரத் திறமை. இன்றும் செல்போனில் ஒரு செயலி 'முதல் மூன்று மாதம் இலவசம்' என்கிறபோது, எதிர்க்கடை அண்ணாச்சி எத்தனை மாதம் தாங்குவார் என்று யாரும் கேட்பதில்லை. அண்ணாச்சி கடையை மூடினால், "காலத்துக்கு ஏற்ப மாறத் தெரியவில்லை" என்று ஒரே வரியில் தீர்ப்பு. அதே பேனா, அதே கிறுக்கல்.

தூத்துக்குடித் துறைமுகத்துக்கு 2011-ல் வ.உ.சிதம்பரனார் பெயர் வைத்தார்கள். நல்லது. ஆனால் தேசியக் கடல்சார் தினம் லாயல்ட்டி கிளம்பிய ஏப்ரல் 5-ல்தான். ஜெயித்த கம்பெனிக்கு ஒரு தினம், தோற்ற கம்பெனிக்கு ஒரு பெயர்ப்பலகை. அது போகட்டும். குறைந்தபட்சம் அந்தப் பெயர்ப்பலகைக்குக் கீழே நின்று 'அரசியல் மட்டும் பேசாமல் இருந்திருந்தால்' என்று சொல்லாமலாவது இருக்கலாம்.

இனி யாராவது அப்படி ஆரம்பித்தால் மூன்றே கேள்வி கேளுங்கள். அந்த ஒன்றை எடுத்தால் கூடவே வேறு என்னென்ன உதிரும்? அதை எடுத்துப் பார்த்த வேறு உதாரணம் எங்காவது இருக்கிறதா? இந்தக் கதையால் யார் தப்பிக்கிறார்கள்? மூன்றுக்கும் பதில் இருந்தால் உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுங்கள், பேசத் தகுந்த ஆள்.

பதில் இல்லையென்றால், அத்தைக்கு ஒரு சவரக் கத்தி வாங்கிக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.